மரண தண்டனை கொலையைத் தடுக்குமா: ஒரு வழக்கும் பதினோரு ஆண்டுச் சிறை வகுப்புகளும் எனக்குக் காட்டியவை

என் பெரியப்பா மகனை வெட்டிக் கொன்றவர்களுக்குத் தூக்குத் தண்டனை வாங்கித் தர வேண்டும் என்று எங்கள் குடும்பத்தில் முதலில் சொன்னவன் நான். அப்போது எனக்கு 26 வயது. பிரேதப் பரிசோதனை முடிந்து அண்ணனின் உடலை வாங்குவதற்காகப் பிணவறை வாசலில் காத்திருந்தபோது, இப்படிப்பட்டவர்களை நாலு பேர் அறியத் தூக்கில் போட்டால்தான் அடுத்தவன் அரிவாளைத் தொட அஞ்சுவான் என்று நான் உரக்கச் சொன்னேன்; சுற்றி நின்ற உறவினர்கள் அனைவரும் தலையசைத்தார்கள். அந்தக் கோபத்தை இன்றும் நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கோபத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த நம்பிக்கை, அதாவது தண்டனை கடுமையாக இருந்தால் கொலை குறையும் என்பது, உண்மைதானா என்று பார்க்க எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

எங்கள் வழக்கு ஆறு ஆண்டுகள் நடந்தது. நிலத்தின் எல்லை பற்றிய தகராறு அது. அண்ணன் கொல்லப்பட்ட அன்றும், வழக்கு நடந்த காலம் முழுவதும், கொலைக்கு மரண தண்டனை சட்டத்தில் இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட மூவருக்கும் அது தெரியும். நேரில் கண்ட நான்கு சாட்சிகளில் மூன்று பேர் பிறழ்சாட்சிகளானார்கள், குற்றம் சாட்டப்பட்ட மூவரும் விடுதலையானார்கள். தூக்கு வேண்டும் என்று மனு மேல் மனுவாக எழுதிக்கொண்டிருந்த நாங்கள், தண்டனையே இல்லாமல் வீடு திரும்பினோம்.

அந்த ஆறு ஆண்டுகளில் நாங்கள் கவனிக்கத் தவறிய இரண்டு காரியங்களை இங்கே சொல்லியாக வேண்டும். முதலாவது, அண்ணனின் கைபேசி. கொலைக்கு முந்தைய மாதத்தில் எதிர்த்தரப்பில் ஒருவர் அவரை மிரட்டிப் பேசிய இரண்டு உரையாடல்கள் அதில் பதிவாகியிருந்தன. அண்ணனே என்னிடம் போட்டுக் காட்டியிருக்கிறார். காவல் துறையினர் அந்தக் கைபேசியைக் கேட்கவில்லை, நாங்களும் கொடுக்கவில்லை. அண்ணன் மகனுக்குப் படிப்புக்கு ஒரு கைபேசி தேவைப்பட்டபோது, அதிலிருந்த அனைத்தையும் அழித்துப் புதியதுபோல் ஆக்கி அவன் கையில் கொடுத்தவன் நான். இரண்டாவது, அண்ணனோடு வேலை பார்த்த 22 வயது இளைஞர். வெட்டு விழுந்ததை மிக அருகிலிருந்து பார்த்தவர் அவர்தான். வாய்தாவுக்கு வாய்தா ஒன்பது முறை நீதிமன்றத்துக்கு வந்தார்; ஒவ்வொரு முறையும் எதிர்த்தரப்பின் உறவினர்கள் உட்கார்ந்திருந்த அதே தாழ்வாரத்தில், அதே பெஞ்சில், மாலைவரை தனியாக உட்கார்ந்திருந்தார். எங்களில் ஒருவர்கூட அவருக்குத் துணையாக அந்தப் பெஞ்சில் உட்காரவில்லை. பத்தாவது முறை கூண்டில் ஏறித் தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கியபோது, அவரைத் துரோகி என்று திட்டியவர்களில் நானும் ஒருவன்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு, சிறைவாசிகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் பணிக்குத் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மன்னிக்கும் மனநிலையில் போகவில்லை. கொலை செய்தவனின் மனதில் அந்த நேரத்தில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளவே போனேன். வாரத்துக்கு இரண்டு நாள், பதினோரு ஆண்டுகள். நெருங்கிப் பழகிய பிறகு, கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஏறத்தாழ நாற்பது பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறேன்: அந்த நேரத்தில் தூக்கு நினைவுக்கு வந்ததா? இதை ஆய்வு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. பிடிபட்டவர்களிடம் மட்டுமே கேட்டிருக்கிறேன். அஞ்சி விலகியவர்கள் சிறைக்கு வருவதில்லை, ஆகவே அவர்களிடம் கேட்க வழியில்லை. இந்தக் குறையை மனதில் வைத்துக்கொண்டுதான் இனி வருவதைப் படிக்க வேண்டும்.

பெரும்பாலானோரின் பதில் ஒன்றுபோலவே இருந்தது. குடிபோதை, வாய்த்தகராறு, பல நாள் உள்ளே புகைந்துகொண்டிருந்த அவமானம், கைக்கு எட்டிய ஏதோ ஒரு பொருள். தொடக்கம் முதல் முடிவுவரை சில நிமிடங்கள். தண்டனை என்ற சொல்லே அந்த நிமிடங்களில் இல்லை. சிலருக்குத் தாங்கள் செய்தது என்னவென்று புரியவே ரத்தத்தைப் பார்த்த பிறகு சிறிது நேரம் ஆகியிருக்கிறது. இவர்களுக்கு எவ்வளவு பெரிய தண்டனையைச் சட்டத்தில் எழுதி வைத்திருந்தாலும் அது அந்த அறைக்குள் நுழைந்திருக்காது.

என்னை உலுக்கியது திட்டமிட்டுச் செய்த ஒருவரின் பதில். கணக்குப் போட்டுச் செயல்படுகிறவனைத்தானே தண்டனை தடுக்க வேண்டும்? அவர் தொழில் பகையில் ஒருவரைக் கொன்றவர். தன் கைபேசி இருக்குமிடத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதற்காக, அதை அணைக்காமல் தம்பியிடம் கொடுத்து வீட்டிலேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார். முதலில் ஒரு நாள் குறித்திருந்தார். அந்தத் தெருமுனையில் புதிதாகக் கண்காணிப்புக் கேமரா மாட்டியிருப்பதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டார். மூன்று வாரம் கழித்துக் கேமரா இல்லாத வேறோர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, எழுதிக்கொண்டிருந்த பலகையைத் துடைத்தபடியே, “தூக்கைப் பத்தி யோசிக்கவே இல்லைங்க சார். மாட்ட மாட்டோம்னு நினைச்சவனுக்குத் தூக்கு என்ன, ஆயுள் என்ன?” என்றார். கேமரா அவரை ஒரு நாள் தடுத்திருக்கிறது. தூக்குக் கயிறு ஒரு நிமிடம்கூடத் தடுக்கவில்லை.

இத்தாலியச் சிந்தனையாளர் செசாரே பெக்காரியா 1764-ஆம் ஆண்டிலேயே இதைச் சொல்லிவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடுமையன்று, அது தப்பாமலும் தாமதமின்றியும் வந்து சேரும் என்ற உறுதிதான் என்பது அவருடைய வாதம். கொடுமை கூடும்போது அந்த உறுதி குறையவும் செய்கிறது என்பதற்கு இங்கிலாந்தின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று இல்லை. அங்கே 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் 200-க்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை இருந்தது. ஒரு வீட்டிலிருந்து 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு என்று சட்டம் சொன்னதால், ஓர் உயிர் போகக் காரணமாக விரும்பாத ஜூரிகள் (வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள்), அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள பொருளைக்கூட 39 ஷில்லிங் பெறும் என்று தீர்ப்பு எழுதினார்கள். கள்ளக் கையெழுத்துக் குற்றத்துக்கும் தூக்கு என்று இருந்ததால் ஜூரிகள் குற்றவாளியென்று சொல்லத் தயங்க, 1830-இல் வங்கியாளர்களே ஒன்றுதிரண்டு அந்த மரண தண்டனையை நீக்கும்படி நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். பணத்தை இழந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். கருணைக்காக அந்த மனுவை எழுதவில்லை, தண்டனை கடுமையாக இருந்ததாலேயே எவரும் தண்டிக்கப்படாமல் போனதால் எழுதினார்கள்.

அதே நாட்டின் தூக்கிலிடுபவராக 1956 வரை பணியாற்றியவர் ஆல்பர்ட் பியர்பாயின்ட். நானூறுக்கும் மேற்பட்டோரைத் தூக்கிலிட்டதாகச் சொல்லப்படும் அவர் ஒரு மதுக்கூடமும் நடத்திவந்தார். அங்கே வழக்கமாக வந்து அவரோடு சேர்ந்து பாடும் வாடிக்கையாளர் ஒருவர், 1950-இல் தன் காதலியைக் கொன்றுவிட்டார். அவரைத் தூக்கிலிட வேண்டிய பொறுப்பு பியர்பாயின்டுக்கே வந்தது. தூக்கிலிடுபவரின் முகத்தையும் குரலையும் நேரில் அறிந்திருந்த ஒருவரையே அந்த அச்சம் தடுக்கவில்லை என்பதைப் பியர்பாயின்ட் மறக்கவில்லை. ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, தான் நிறைவேற்றிய தண்டனைகளில் ஒன்றுகூட ஒரு கொலையையும் தடுத்ததாகத் தான் நம்பவில்லை என்று அவரே எழுதினார்.

அதே 1950-இல் அவர் திமோத்தி எவான்ஸ் என்பவரையும் தன் குழந்தையைக் கொன்றதாக வந்த தீர்ப்பின்படி தூக்கிலிட்டார். அந்த வழக்கில் எவான்ஸுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் அதே வீட்டில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி. கிறிஸ்டி ஏற்கெனவே பெண்களைக் கொன்றவர் என்பது 1953-இல் வெளியே வந்தது. எவான்ஸைத் தூக்கிலிட்டு வழக்கை முடித்துக்கொண்ட பிறகு, கிறிஸ்டி தன் மனைவி உட்பட மேலும் நான்கு பெண்களைக் கொன்றிருந்தார். எவான்ஸுக்கு 1966-இல், இறந்து 16 ஆண்டுகளுக்குப் பிறகு, மன்னிப்பு வழங்கப்பட்டது. தன் வீட்டிலேயே ஒருவருக்குத் தூக்கு விழுந்ததைக் கண்ணால் பார்த்தும் கிறிஸ்டி நின்றுவிடவில்லை என்பதை இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

புள்ளிவிவரங்களைக் காட்டி வாதிடுபவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள்? தண்டனையே இல்லாத நாட்டோடு தூக்கு உள்ள நாட்டை ஒப்பிடுவதில் பயனில்லை. ஆயுள் முழுக்கச் சிறை என்பது ஏற்கெனவே பெரிய அச்சம். அதற்கு மேல் மரண தண்டனை கூடுதலாக எவரையாவது தடுக்கிறதா என்பதே கேள்வி. திருவிதாங்கூரில் 1944-இல் மரண தண்டனை நீக்கப்பட்டது. அது இல்லாத 1945 முதல் 1950 வரையான காலத்தில் 962 கொலைகளும், அது மீண்டும் வந்த 1950 முதல் 1955 வரையான காலத்தில் 967 கொலைகளும் நடந்ததாகக் கணக்கு இருக்கிறது. கனடாவில் கொலைக்கான மரண தண்டனை 1976-இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் ஒரு லட்சம் மக்களுக்கு மூன்றுக்குச் சற்று மேலாக இருந்த கொலை விகிதம், 2003-இல் இரண்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. ஒழித்ததால்தான் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. ஒழித்ததால் கொலை பெருகும் என்ற அச்சம் மெய்ப்படவில்லை என்று மட்டும் சொல்கிறேன். சிங்கப்பூரில் கொலை குறைவு என்று பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அளவிலும் நகர வாழ்க்கையிலும் அதற்கு ஒப்பான ஹாங்காங், 1966-க்குப் பிறகு எவரையும் தூக்கிலிடாமல் 1993-இல் மரண தண்டனையையே நீக்கியது. இரு நகரங்களின் கொலை விகிதங்களும் ஏறத்தாழ ஒரே பாதையில் இறங்கி வந்திருப்பதை 2010-இல் வெளியான ஓர் ஒப்பாய்வு காட்டியது.

எதிர்த்தரப்பிலும் ஆய்வு உண்டு. ஐசக் எர்லிக் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1975-இல், ஒவ்வொரு மரண தண்டனையும் ஏறத்தாழ எட்டுக் கொலைகளைத் தடுக்கக்கூடும் என்று கணக்கிட்டார். அந்தக் கணக்கை மற்றவர்கள் வேறு ஆண்டுகளை எடுத்துக்கொண்டு செய்து பார்த்தபோது விடை நிற்கவில்லை. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் அதுவரை வெளியான ஆய்வுகள் அனைத்தையும் பரிசீலித்து, மரண தண்டனை கொலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா, எதுவும் செய்வதில்லையா என்பதை அவற்றைக் கொண்டு சொல்ல முடியாது, ஆகவே சட்டம் வகுக்க அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று 2012-இல் அறிவித்தது. இந்தியச் சட்ட ஆணையம் 1967-இல் மரண தண்டனை தொடர வேண்டும் என்று சொல்லியிருந்தாலும், 2015-இல் அளித்த 262-ஆவது அறிக்கையில், ஆயுள் தண்டனையைவிட அது கூடுதலாகத் தடுப்பதற்குச் சான்றில்லை என்று முடிவுசெய்து, பயங்கரவாதம் தொடர்பான குற்றங்களும் நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பதும் நீங்கலாக அதை நீக்கும்படி பரிந்துரைத்தது.

கொல்லப்பட்டவரின் குடும்பத்தினர், குற்றத்துக்கு ஈடான தண்டனை வேண்டும் என்பதற்காகத் தூக்கைக் கேட்டால், அவர்களோடு நான் வாதிடமாட்டேன். நானும் அப்படிக் கேட்டவன். அது நீதி பற்றிய கேள்வி, அதற்குரிய இடத்தில் அதைப் பேசலாம். அடுத்த கொலையைத் தடுக்கும் என்பதை அதற்குக் காரணமாகச் சொல்லும்போதுதான் எனக்கு அச்சம் வருகிறது. ஏனென்றால் அடுத்த கொலையைத் தடுக்கும் வேலைகள் வேறு, அவை செய்யப்படாமலே போய்விடுகின்றன. சில குற்றங்களில் கடுமை நேரடியாகவே ஆபத்தாகிறது. பாலியல் வன்கொடுமைக்கும் கொலைக்கும் ஒரே தண்டனை என்றாகிவிட்டால், பாதிக்கப்பட்டவரை உயிரோடு விட்டால் சாட்சியாவார் என்று எண்ணுபவனுக்கு, கொல்லாமல் விடுவதற்கான கடைசிக் காரணமும் போய்விடுகிறது. குழந்தையிடம் தவறாக நடந்தவர் மாமாவாகவோ பாட்டனாகவோ இருக்கும் வீடுகளில், தன் சொல்லால் ஓர் உயிர் போகும் என்று பெரியவர்கள் சொல்லிச் சொல்லிக் குழந்தையின் வாயை அடைப்பதைச் சிறை வகுப்பில் ஒருவரே என்னிடம் ஒப்புக்கொண்டார்.

ஆகவே, மிரட்டலுக்கும் ஆபத்துக்கும் உள்ளான குடும்பங்களிடம் நான் இப்போது சொல்வது தூக்கைப் பற்றி அன்று. மிரட்டல் வந்த முதல் நாளே எழுத்தில் புகார் கொடுங்கள், கொடுத்ததற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள் என்கிறேன். அண்ணன் மூன்று முறை காவல் நிலையத்துக்குப் போய் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தார். ஒரு துண்டுக் காகிதம்கூட எங்களிடம் இல்லை. கைபேசியில் வந்த மிரட்டலை அழிக்காமல், வேறோர் இடத்திலும் ஒரு படி எடுத்து வைத்துவிட்டு, அந்தக் கைபேசியை அப்படியே ஒப்படையுங்கள். தகராறு நடந்த நாள், நேரம், உடனிருந்தவர்கள் ஆகியவற்றை ஒரு நோட்டில் அன்றன்றே எழுதுங்கள்; ஆறு ஆண்டுகள் கழித்துக் குறுக்கு விசாரணையில் நினைவு கைகொடுக்காது.

வீட்டுக்குள் நடக்கும் வன்முறையில் ஓர் அறிகுறியை மட்டும் எவரும் சிறிதாக எண்ணிவிடக் கூடாது. கணவனோ காதலனோ ஒரு முறையேனும் கழுத்தை நெரித்திருந்தால், காயம் தெரியாவிட்டாலும், அது அடிதடி வரிசையில் சேர்வதன்று. அப்படி நெரிக்கப்பட்ட பெண் பிறகு அவனாலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் உயர்வதை 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டறிந்தது. உலகெங்கும் 2023-இல் ஏறத்தாழ 51,100 பெண்களும் சிறுமிகளும் துணைவராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்டதாக ஐக்கிய நாடுகள் அவை மதிப்பிட்டது. இந்தக் கொலைகளில் பலவும் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருபவை. வகுப்பில் என்னிடம் பேசியவர்களில், மனைவியைக் கொன்ற ஏழு பேரில் ஐந்து பேர், அதற்கு முன்பே கழுத்தில் கை வைத்ததையும், அக்கம்பக்கத்தார் வந்து சமாதானம் பேசி அனுப்பியதையும் சொன்னார்கள். சமாதானம் பேச வந்தவர்கள் அன்றே அந்தப் பெண்ணை வேறு வீட்டுக்கு அழைத்துச் சென்றிருக்கலாம்.

சாட்சிகளின் விஷயத்தில்தான் என் மனம் இன்னும் ஆறவில்லை. அமெரிக்காவில் 2021, 2022 ஆண்டுகளில் நடந்த கொலைகளில் ஏறத்தாழப் பாதிக்குத்தான் காவல் துறையால் விடை காண முடிந்தது. அங்கே பல மாநிலங்களில் மரண தண்டனை உண்டு, அதை நிறைவேற்றச் சராசரியாக ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகின்றன. பாதிப் பேர் அகப்படவே மாட்டார்கள் என்ற நிலையில், அகப்பட்ட சிலருக்கு என்ன தண்டனை என்பதைப் பற்றி மட்டும் நாம் வாதிடுகிறோம். அகப்படுவதும் தண்டிக்கப்படுவதும் பெரும்பாலும் சாட்சி ஒருவரின் துணிவில்தான் தொங்குகிறது. அந்த 22 வயது இளைஞரைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். “நீங்க ஒருத்தர் பக்கத்துல உக்காந்திருந்தாக்கூடச் சொல்லியிருப்பேன் அண்ணே” என்றார்.

அதன் பிறகு, சாட்சி சொல்ல வேண்டியவர்களுக்குத் துணையாகப் போவதை வழக்கமாக்கிக்கொண்டேன். பெரிய வேலை ஒன்றும் இல்லை. முந்தைய நாளே வாய்தா உண்டா என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது, எதிர்த்தரப்பினர் நிற்காத பக்கமாக இடம் பிடிப்பது, குடிக்கத் தண்ணீர் கொண்டுபோவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் தவறில்லை என்று நினைவூட்டுவது, என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு சொல்கூடச் சொல்லித் தராமல் இருப்பது. தங்கையைக் கொன்ற மைத்துனருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்த ஓர் அக்காவுடன் ஐந்து வாய்தாக்களுக்குப் போனேன். ஐந்தாவது நாள் அவர் கூண்டில் ஏறி, குரல் நடுங்கினாலும் நிறுத்தாமல், பார்த்ததை முழுவதும் சொன்னார். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்ட அன்று அவர் தூக்கைப் பற்றி எதுவும் பேசவில்லை. தீர்ப்பைக் கேட்டு வெளியே வந்ததும், இனிமேல் தங்கையின் மகளைத் தனியாகப் பள்ளிக்கு அனுப்பலாமா என்றுதான் கேட்டார். அனுப்பலாம் அக்கா என்று சொன்னேன்.